இரண்டாம் வரியில் ஒய் இல்லை

“காலி இடந்தானடி, இழுத்து மூடிட்டுப் போ. அத யாரு உக்காந்து பாக்கப் போறா?” தண்ணீர் கேன் இருக்கும் மூலையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சொன்னவள் மோனிஷா, மற்றவள் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டே தலையை ஆட்டினாள். பாட்டிலை நிரப்ப எழுந்துபோன வேதவல்லி பாதி வழியில் நின்று, எதையோ மறந்துவிட்டவள் மாதிரித் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேர் பேசுகிற இடத்தில் மூன்றாவது ஆளாகப் போய் நிற்பது அவளுக்கு என்றைக்குமே வந்ததில்லை. தாகம் அப்படியே இருந்தது. இருக்கட்டும். திரையில், பாதியில் விட்ட பக்கம் திறந்திருந்தது: மூன்று சமன்பாடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. வெளிநாட்டுக் கணிதப் புத்தகங்களைப் புதுச்சேரியின் இந்த இரண்டாவது மாடியில் உட்கார்ந்து அச்சுக்குக் கோத்துக் கொடுப்பதுதான் அவர்கள் வேலை. எம்.எஸ்சி. கணிதம் படித்தவள் என்பதால் வேதவல்லிக்குச் சமன்பாடு நிறைந்த அத்தியாயங்களாகவே வரும். அவளுக்கும் அதுதான் பிடிக்கும். சமன்பாடுகள் யாரையும் வாய் திறந்து பேசச் சொல்வதில்லை. ஒவ்வொரு வரியிலும் சமக்குறிக்கு முன்னால் ஒரு சின்ன அடையாளம் வைக்க வேண்டும். அச்சான தாளில் அது தெரியாது, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் வரிகளெல்லாம் நேராக நிற்கும். எக்ஸுக்குக் கீழே எக்ஸ், ஒய்க்குக் கீழே ஒய், இசட்டுக்குக் கீழே இசட். இந்தப் பக்கத்தின் இரண்டாம் வரியில் ஒய் கிடையாது. முதலில் கோத்தது மோனிஷா. இடைவெளி அசிங்கமாக இருக்கிறதென்று நினைத்து மூடிவிட்டாள் போல, இசட் நகர்ந்து வந்து ஒய்யின் கீழே நின்றுகொண்டது. நூலாசிரியர், பிழை பார்க்க அனுப்பிய மெய்ப்பில் சிவப்பு வட்டம் போட்டு ஓரத்தில் எழுதி அனுப்பியிருந்தார்: இரண்டாம் வரியில் ஒய் இல்லை, ஆனால் அதன் இடம் இருக்கிறது, தயவுசெய்து மூடாதீர்கள். காலையில் இதைப் படித்தபோது வேதவல்லிக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூடியதைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான், ஒரு நிமிஷ வேலை. சாப்பாட்டுக்குப் பிறகு வந்து மறுபடி படித்தபோதுதான் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. நடுவில், தயிர்சாதத்தின் கடைசி வாய் இறங்குவதற்குள், கைபேசியில் அந்தப் படம் வந்துவிட்டிருந்தது.

கைபேசி இப்போது விசைப்பலகைக்குப் பக்கத்தில் குப்புறக் கிடக்கிறது. திருப்பினால் பார்க்க வேண்டும், பார்த்தால் பதில் சொல்ல வேண்டும். ‘வேதா – தணிகை கல்யாணம்’ என்று ஒரு குழு, இரண்டு வீட்டாரும் அதில்தான் இருக்கிறார்கள். பிரஸ்காரர் கொடுத்த கல்யாணப் பத்திரிகையின் மெய்ப்பை அப்பா அதில் போட்டிருந்தார், மஞ்சள் பின்னணி, மூலையில் வாழைமரம், நடுவே பிள்ளையார். கீழேயே எழுதியிருந்தார்: ‘வேதா பார்த்துச் சொல்லட்டும். அவள் வேலையே இதுதான்.’ அதில் இருந்த பெருமை, பாவம், அப்பாவுக்கு. மின்துறையில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர், யாரிடமும் தன் மகளைப் பற்றி இரண்டு வார்த்தைக்கு மேல் சொல்லத் தெரியாதவர், சம்பந்தி வீட்டார் முன்னால் எப்படியாவது இதைச் சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்திருப்பார். அவள் முதலில் பழக்கத்தில் எழுத்துப்பிழைதான் தேடினாள். முகூர்த்தத்தில் ‘கூ’ சரியாக இருந்தது. மண்டபத்தின் பெயரில் ஒரு புள்ளி இல்லை. ஐந்தாம் வரிக்கு வந்தாள். ‘எங்கள் ஏக புத்திரி சௌபாக்கியவதி வேதவல்லி எம்.எஸ்சி.’ ஏக புத்திரி. ஒரே மகள். அந்த இரண்டு வார்த்தையை மட்டும் பிரஸ்காரர் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டிருந்தார், ஒரே மகள் என்றால் அப்பன்காரர்களுக்கு அது பெருமையாயிற்றே என்று. அப்பா சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பிரஸ்காரரின் மேஜைக்கு முன்னால் நின்று, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, போட்டுக்குங்க, ஏக புத்திரி. எப்படிச் சொன்னார்? தடுக்கவில்லையா, நாக்கில்? கீழே ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதில் வலதுபக்கம் மாப்பிள்ளை வீட்டுப் பெயர்கள் நாலு வரி. இடதுபக்கம் அப்பா, அம்மா, இரண்டே வரி. வெறிச்சென்று தெரியக் கூடாதென்று பிரஸ்காரர் அந்த இரண்டு வரியை நடுவுக்கு இறக்கி, மேலும் கீழும் ஒரு பூவை வைத்து அடைத்திருந்தார். நல்ல வேலைக்காரர். யாருக்கும் தெரியாது. காலி இடந்தானே. பெண் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே தணிகையின் பெரியம்மா சொன்னதும் ஞாபகம் வந்தது: “ஒரே பொண்ணுன்னா ஒரு ரோதனையும் இல்ல, இருக்கறதெல்லாம் நம்ம பையனுக்குத்தான்.” அம்மா அப்போது கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரித்ததைத்தான் வேதவல்லி பார்த்தாள், பார்த்துவிட்டு அவசரமாகக் காபி டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

குமுதவல்லி, வேதவல்லி. பெயர் வைத்தபோதே அப்பா இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்திருப்பாரோ என்னவோ. பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பெயர் எழுதுவது அக்காவின் வேலை. ஒரே தாளில் இரண்டு பெயரையும் எழுதி வெட்டுவாள். குமுத என்பது மூன்று எழுத்து, வேத என்பது இரண்டு. அதனால் அக்கா இரண்டாவது வரியில் முன்னால் ஓர் எழுத்துக்கு இடம் விட்டுத்தான் வேதவல்லி என்று ஆரம்பிப்பாள். அப்போதுதான் வல்லிக்குக் கீழே வல்லி வரும். “ஏன்க்கா என்னை மட்டும் தள்ளி எழுதற?” என்று இவள் அழுதிருக்கிறாள். “தள்ளலடி லூசு, எனக்குக் கீழ நேரா நிக்க வெக்கறேன்.” இப்போது யோசித்தால், இந்த வேலையை அவள் முதல் நாளிலேயே பிடித்துக்கொண்டது அதனால்தானோ என்று படுகிறது. எல்லோரும் திணறியபோது இவளுக்கு மட்டும் அது தெரிந்த விஷயமாக இருந்தது, முன்னால் கொஞ்சம் இடம் விட்டால் பின்னால் வருவது நேராக நிற்கும். கட்டிலிலும் அப்படித்தான். சுவரோரம் அக்கா, வெளிப்பக்கம் இவள். அக்கா போனபிறகும் இவள் வெளி விளிம்பிலேயேதான் படுத்தாள், சுவரோரம் ஓர் ஆளின் அகலத்துக்கு விரிப்பு மடிப்புக் கலையாமல் இருக்கும். லாஸ்பேட்டை வீட்டைக் காலி செய்து, அக்கம்பக்கத்துக்கு ஒன்றும் தெரியாத வில்லியனூருக்கு வந்த பிறகும், கட்டிலைச் சுவரோடு ஒட்டித்தான் போட்டாள். போன மாதம், நிச்சயம் முடிந்த மறுநாள் காலை, விழித்தபோது நெற்றியில் ஏதோ சில்லென்றிருந்தது. சுவர். தூக்கத்தில் நகர்ந்துபோய் அக்காவின் இடத்தில் படுத்திருக்கிறாள். அவள் எழுந்திருக்கவில்லை, சுவரில் நெற்றியை வைத்தபடியே கிடந்தாள், அம்மா வந்து இன்னும் தூக்கமா என்று கேட்கும்வரை. அக்காவுக்கென்று செய்து வைத்திருந்த ஆரத்தைத்தான் நிச்சயத்துக்கு இவளுக்குப் போட்டார்கள். அக்கா உயரம், இவள் குள்ளம். ஆரம் வயிறு வரைக்கும் தொங்க, அம்மா பின்னால் நூலைக் கட்டி மேலே ஏற்றினாள். அந்த நூல் கழுத்தை அரித்துக்கொண்டே இருந்தது. இப்போதும் கை தானாகப் பின்கழுத்துக்குப் போகிறது. ஒன்றுமில்லை, அங்கே ஒன்றுமில்லை.

அக்கா போன அன்றைக்கு யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆரோக்கியதாஸைக் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன் என்று போனில் சொன்னாள். வேற சாதி, வேற மதம். அப்பா போனை வைத்துவிட்டு நேரே குளியலறைக்குப் போனார். தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது, செத்த வீட்டுக்குப் போய் வந்தவர்கள் குளிப்பது மாதிரி. ஈரத்துண்டோடு வெளியே வந்து, “நீங்களும் முழுகிடுங்க” என்றார். அம்மா போனாள். அப்புறம் இவள். கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள், குளிக்காமலே தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தலை காய்ந்திருந்தால் அப்பா பார்ப்பார். ஊற்றிக்கொண்டாள். மாடத்தில் இருந்தது அக்காவின் சோப்புதான், ஒருபக்கம் தேய்ந்து, அவள் முடி ஒன்று அதில் ஒட்டி வளைந்திருந்தது. அந்தச் சோப்பையே தேய்த்து அவளைத் தலைமுழுகினாள். அன்றைக்கு வெளியே வந்து அப்பாவைப் பார்த்தபோது அவருடைய கண் சிவந்திருந்தது, தண்ணீராலா வேறெதனாலா என்று அவள் இன்றுவரை கேட்டதில்லை. இந்த வீட்டில் கேள்வி கேட்கிற பழக்கம் அக்காவோடு போய்விட்டது. தரகர் வந்து, “மூத்தவ சமாச்சாரத்த எடுக்கவே வேணாம் சார், அவங்க சேலத்துக்காரங்க, எங்க தெரியப்போவுது?” என்றபோதும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா தலையைக்கூட அசைக்கவில்லை, அசைக்காமல் இருந்ததையே தரகர் சரி என்று எடுத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பத்திரிகையைக் கையில் வாங்கி, ஐந்தாம் வரியைப் படித்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மடித்து டிவி மேல் வைப்பார்கள். ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். அதுதான் பயமாக இருக்கிறது. ஒருத்தராவது திறந்துவிடுவார்களோ என்று அப்பாவுக்குப் பயம், ஒருத்தரும் திறக்க மாட்டார்களே என்று இவளுக்கு. மெய்ப்பில் ஒரு பிழையை ஐம்பது பேர் பார்த்துவிட்டுக் கடந்துபோனால் அது பிழையில்லை என்று ஆகிவிடும், அப்புறம் அதுதான் புத்தகம்.

பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தணிகை கேட்டானே. மாடியில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக இரண்டு பேரையும் பேசச் சொல்லி அனுப்பினார்கள். அவன் செருப்பைக் கழற்றி ஒதுக்குப்புறமாக ஜோடியாக வைத்துவிட்டு வந்தான், மொட்டைமாடிக்கு யார் செருப்பைக் கழற்றுவார்கள் என்று இவளுக்குச் சிரிப்பு வந்தது. பிடித்துமிருந்தது. “வீட்ல நீங்க மட்டுந்தானா? கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டான். இவள் “ம்” என்றாள். ஓர் எழுத்து. அதுகூட முழு எழுத்தில்லை, வாயைத் திறக்காமலே சொல்லிவிடலாம். “எனக்கும் யாருமில்ல. சின்ன வயசுல ஒரு அண்ணனோ தம்பியோ இருந்தா அடிச்சிக்கவாவது செஞ்சிருக்கலாம்னு தோணும்” என்றான். நல்லவன் மாதிரி இருந்தான், அதுதான் சிக்கல். கெட்டவனிடம் சொன்ன பொய் என்றால் அதற்குள்ளே எப்படியாவது இருந்துகொள்ளலாம். இவனிடம் காலம் முழுக்க, அக்கா தலைவாரி விட்டதை, அக்கா சைக்கிள் கற்றுக்கொடுத்ததை, முட்டியில் இந்தத் தழும்பு எப்படி வந்தது என்பதை, எல்லாவற்றிலும் அக்காவை எடுத்துவிட்டு, இடைவெளி தெரியாமல் இழுத்து மூடி மூடிச் சொல்ல வேண்டும். யார் கற்றுக்கொடுத்தார்கள் சைக்கிள்? நானே கற்றுக்கொண்டேன். சின்ன வயதுப் பட்டப்பெயரை யார் வைத்தார்கள்? யாருமில்லை. ஒவ்வொன்றாக நகர்ந்து நகர்ந்து கடைசியில் அவளே வேறு யாருக்கோ கீழே போய் நின்றுகொண்டிருப்பாள். அக்காவுக்கும் அவள் “ம்” என்றுதானே சொன்னாள். போன வாரம், தெரியாத எண்ணிலிருந்து போன், அலுவலக மாடிப்படியில் நின்று எடுத்தாள். “வேதா... நாந்தாண்டி. உனக்கு நிச்சயமாயிடுச்சாமே. பயப்படாத, நான் வரமாட்டேன். மண்டபத்துப் பக்கமே வரமாட்டேன், அவர்கிட்டயும் சொல்லிட்டேன். போட்டோ மட்டும் அனுப்புவியா? ஒண்ணு போதும். கழுத்துல தாலியோட.” பின்னால் ஒரு குக்கர் விசில் அடித்தது, அக்கா வீட்டுக் குக்கர், அக்கா வீட்டுச் சமையலறை, அதன் சுவர் என்ன நிறம் என்றுகூட இவளுக்குத் தெரியாது. கடலூர் ஒன்றும் காசியில்லை, பஸ் ஏறினால் மாலையில் போய் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். “அனுப்புவியாடி?” “ம்.” “நல்லா சாப்புடு. கல்யாணத்துக்கு முன்னாடி எலும்பும் தோலுமா நிக்காத.” வைத்துவிட்டாள். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வா என்று சொல்லியிருக்கலாம். வராதே என்றுகூடச் சொல்லவில்லை, அதையும் அக்காவையே சொல்ல வைத்துவிட்டாள்.

“அக்கா.” திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மோனிஷா நாற்காலியின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அந்த மூணு ஈக்வேஷன் பக்கம் திரும்பி வந்துடுச்சாமேக்கா? சூப்பர்வைசர் மேடம் உங்ககிட்ட கேட்டுக்கச் சொன்னாங்க.” வேதவல்லி திரையைக் காட்டினாள். பேச்சு இல்லாமலேகூடக் காட்டிவிடலாம், ஆனால் இந்தப் பெண்ணுக்குப் புரியாது. “இங்க பாரு. இசட் எங்க நிக்குது?” “ரெண்டாவதா.” “அது யாரோட இடம்?” மோனிஷா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “ஒய்யோடது.” “படிக்கிறவங்க மேலேருந்து கீழ வருவாங்க. ஒய், அப்புறம் அதுக்குக் கீழ இருக்கறதும் ஒய்யோட சேத்திதான்னு கூட்டிடுவாங்க. கணக்கே தப்பாப் போயிடும்.” அவள் ஃபாண்டம் என்ற கட்டளையை எழுதி, அதற்குள் ஒய்யைப் போட்டுக் காட்டினாள். உள்ளே எழுத்து இருக்கும், வெளியே தெரியாது, அதன் அகலம் மட்டும் தாளில் அப்படியே இருக்கும். ஓட்டிப் பார்த்தார்கள். இசட் துள்ளி வலப்பக்கம் போய்த் தன் ஆளின் கீழே நின்றது. நடுவே வெள்ளையாக ஓர் இடம். “அட,” என்றாள் மோனிஷா, “இல்லாத ஒய்க்கு இவ்ளோ மரியாதையா? எங்க வீட்ல இருக்கற எனக்கே படுக்க இடமில்லக்கா, நாலு பேரு ஒரே ரூம்ல உருண்டுட்டிருக்கோம்.” வேதவல்லிக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் அது வேறு என்னவோவாக மாறிவிட்டது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். அப்பாவின் பழக்கம். “என்னக்கா, அழறீங்களா?” “ஏசி, கண்ணு எரியுது.” “அப்ப அந்த ஆசிரியர் எழுதின மூணாவது வரிலயும் மைனஸ் விட்டுப்போன மாதிரி இருக்குதே, நம்மளே போட்டுடலாமாக்கா?” “நாம போடக் கூடாது. கேள்விதான் அனுப்பணும். ‘சரிபார்க்கவும்’னு எழுதி அனுப்பு.” “தப்புன்னு எழுதக் கூடாதா?” “கூடாது. தப்புங்கற வார்த்தையே நாம எழுதக் கூடாது. எழுதினவங்க அவங்க. நாம கேக்கலாம், அவ்வளவுதான்.” மோனிஷா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனாள். “தெரிஞ்சே கேக்கணுமாம்,” என்று தோழியிடம் அவள் சொல்வது கேட்டது.

சரிபார்க்கவும். இங்கே சேர்ந்த நாளிலிருந்து அவள் அந்த ஒரு சொல்லைத்தான் எழுதியிருக்கிறாள். பெரிய பெரிய பேராசிரியர்களின் பிழைகளையெல்லாம், பக்கத்துக்குப் பக்கம், சரிபார்க்கவும், சரிபார்க்கவும். மேஜை மேல் கைபேசி ஒருமுறை நடுங்கியது. இன்னொருமுறை. திருப்பினாள். தணிகையின் பெரியம்மா இரண்டு கைகூப்பல் போட்டிருந்தார். தணிகையின் அப்பா ‘மிக அருமை’. தணிகை ஒன்றும் எழுதவில்லை, ஆனால் பார்த்துவிட்டான் என்று காட்டியது. அம்மா ஒரு ரோஜாப்பூ. கடைசியாக அப்பா: ‘வேதா, பார்த்துட்டியாம்மா? பிரஸ்காரர் மெஷினில் ஏற்றக் காத்திருக்கிறார்.’ மண்டபத்தின் பெயரில் ஒரு புள்ளி என்று எழுதிவிடலாம். எழுதினால் எல்லோரும், அட, கழுகுக் கண்ணு என்பார்கள், பெரியம்மா சேலத்தில் நாலு பேரிடம் சொல்வார். அப்புறம் மண்டபம், தாலி, ஒரு போட்டோ, கடலூருக்கு. அக்கா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள், கழுத்தை, ஆரத்தை, ஆரம் யாருடையது என்பதை. அடையாளம் தெரிந்துகொள்வாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். இல்லை, அப்பாவுக்குத் தனியாகப் போன் செய்து கேட்கலாம். என்னவென்று? அப்பா, ஐந்தாம் வரியைச் சரிபார்க்கவும் என்றா? அவர் பேசாமல் இருப்பார். பேசாமல் இருப்பதைப் பிரஸ்காரர் சரி என்று எடுத்துக்கொள்வார். எழுதிவிட்டால், எல்லோரும் இருக்கிற இடத்தில், என்ன ஆகும்? கல்யாணம் நிற்கலாம். நிற்கும் என்றே வைத்துக்கொள். எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று சேலத்துக்காரர்கள் சொல்வார்கள், அது உண்மையும்கூட. அப்பா மறுபடி குளியலறைக்குப் போவார். இந்தத் தடவை எனக்காக. அப்போது வெளியே நின்று கேட்பது யார், அம்மா மட்டும். தணிகை ஜோடியாக வைத்த அந்தச் செருப்புகள். அவன் கேட்பானா, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று? கேட்டால் நல்லது. கேட்காமல் போய்விட்டால்? கைபேசியை மேஜையில் வைத்தாள். திரையில் மூன்று வரிகள் நின்றுகொண்டிருந்தன, இரண்டாவதில் அந்த வெள்ளை இடத்தோடு. அதை மூடாதீர்கள் என்று கேட்டவரின் முகம்கூட அவளுக்குத் தெரியாது. எங்கேயோ ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஓர் எழுத்துக்காக, தயவுசெய்து என்று எழுதியிருக்கிறார்.

தாகம் தாங்கவில்லை. எழுந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். மூலையில் இரண்டு பெண்களும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். “நவுருடி, அக்காவுக்கு வழி விடு,” என்றாள் மோனிஷா. வேதவல்லி அவர்களுக்கு நடுவில் நின்று பாட்டிலை நிரப்பினாள், அங்கேயே நின்று பாதியைக் குடித்தாள். “உங்க வீட்ல நீங்க எத்தனாவதுக்கா?” என்று மோனிஷா சும்மா கேட்டாள். அவளுக்கு எல்லாமே சும்மா கேட்பதுதான். வேதவல்லி மூடியைத் திருகினாள். “ரெண்டாவது,” என்றாள். குரல் அவளுக்கே சத்தமாகக் கேட்டது. “மூத்தவங்க அண்ணனா?” “அக்கா. கடலூர்ல இருக்கா.”

திரும்பி வந்து உட்கார்ந்தாள். குழுவில் அப்பாவின் இன்னொரு செய்தி வந்திருந்தது, ‘ஓகேதானே?’ அவள் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெய்ப்பில் குறிப்பு எழுதுவதுபோல, வரி எண்ணிலிருந்து ஆரம்பித்தாள்.

‘ஐந்தாம் வரி: ஏக புத்திரி என்பது தவறு. இளைய மகள் என்று மாற்றவும். கீழே இடதுபக்கம், அப்பா அம்மா பெயருக்கு அடுத்து ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. பூவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சேர்க்கவும்: குமுதவல்லி – ஆரோக்கியதாஸ், கடலூர்.’

ஒருமுறை படித்துப் பார்த்தாள். புள்ளிகள் சரியாக இருந்தன. அனுப்பினாள்.